அனுமதிக்கப்பட்ட நேரம்

மின்தூக்கியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது:
சுவர் இடிக்க, துளை போட
காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.
சனி, ஞாயிறு கூடாது.

தெங்காவில் எல்லாமே புதிது.
எங்கள் பன்னிரண்டாம் மாடி வீட்டுக்கு
இன்னும் சமையலறைக் கதவு வரவில்லை.
ஆகவே இரவு மூன்று மணிக்கு
டொக். டொக். டொக்.
என்று யாரோ சுத்தியல் போட்டபோது
புளோக்கின் வாட்ஸ்அப் குழு முழுக்க
எங்கள் கதவெண்ணைத்தான் காட்டியது.

"கொஞ்சமாவது மனசாட்சி வேண்டாமா?"
பத்தாம் மாடி புளோரன்ஸ்.
நகர மன்றத்துக்கு எழுதியாகிவிட்டது என்றார் இன்னொருவர்;
முகத்துக்குப் பதில் ஓர் ஆர்க்கிட் படம்.
எங்கள் வெற்றுக் கூடத்தைப் படமெடுத்து அனுப்பினேன்:
ஒரு மெத்தை, ஒரு மின்விசிறி,
தூக்கம் கெட்ட ஒரு கணவர்.
சுத்தியல் இல்லை, பாருங்கள்.
படம் போய்ச் சேர்வதற்குள்
டொக். டொக்.

கண்டுபிடித்தவர் ஹைருல்,
விமான நிலைய வேலை முடிந்து
நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் திரும்புபவர்.
கார் நிறுத்தத்துக்குப் பின்னே
அடுத்த கட்டடத்துக்கென மொட்டையடித்த நிலத்தில்
தரையோடு தரையாக இரண்டு கங்கு.
விளக்கைத் திருப்பினால் சருகு.
மறுபடி காட்டினால்
சருகுக்குக் கண்.

பக்கி என்றது இணையம்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்கள் வீட்டில் அது வசவு;
கடைசி வடைக்குக் கை நீட்டுகிறவன் பக்கி.
இதுவோ கூடுகூடக் கட்டுவதில்லை.
ஒரு சுள்ளி எடுக்காமல், ஒரு கிளையைக் கேட்காமல்
வெறுந்தரையில் முட்டையிட்டு
மேலே உட்கார்ந்துகொள்கிறது.

நாங்கள் விண்ணப்பித்தோம், எண் விழுந்தது,
ஐந்து வருடம் காத்தோம், சாவி வாங்கினோம்.
விளம்பரத்தில் 'காட்டு நகரம்' என்று படித்தபோது
ஜன்னலோரம் நாலு தொட்டி என்றுதான்
நினைத்துக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் இதன்மேல் பணம் கட்டுவார்கள்,
எத்தனை டொக் என்று, ஒற்றையா இரட்டையா என்று;
சொன்னவர் டாக்சி ஓட்டும் திரு. கூ.
அன்றைக்கே குழுவில் பந்தயம் தொடங்கிவிட்டது.
நான் ஏழு என்றேன்.
புளோரன்ஸ் பதினொன்று,
அதே விரலால்தான் தட்டியிருப்பார்.
மூன்று மணிக்கு ஜன்னல்தோறும் தலைகள்.
பதினொன்று.
கோப்பிக் கடையில் எட்டுக் கோப்பி வாங்கினேன்,
அவருக்கு மட்டும் கோப்பி ஓ கோசோங்.

வியாழக்கிழமை புல் வெட்ட லாரி வந்தது.
இயந்திரச் சத்தம் கேட்டுச் செருப்பில்லாமல் ஓடினேன்.
அதற்குள் ஷோஹாக் கண்டுவிட்டிருந்தார்.
நிலமெல்லாம் மழித்து,
ஒரு பாய் அளவுக்குப் புல்லை விட்டுவிட்டு
பக்கத்தில் நட்டிருந்தார்
சாலைக்கு வைக்கும் ஆரஞ்சுக் கூம்பு.
முகக் கவசத்தை உயர்த்தி, இரண்டு விரல் காட்டி
"டிம்" என்றார்.
வங்காளம் தெரியாத எனக்கும் அது முட்டை என்று விளங்கியது.
தங்கும் விடுதியில் அவர் அறைக்குப் பன்னிரண்டு கட்டிலாம்.
மேற்பார்வையாளர் கேட்டால்?
தோளைக் குலுக்கினார்.
கூம்பு கம்பெனியுடையது, அவ்வளவுதான் அவர் கவலை.

இரண்டு வாரம் யாரும் அந்தப் பக்கம்
நாயைக் கூட்டிப் போகவில்லை.
ஆர்க்கிட் படக்காரர் ஒருநாள்
குடையோடு தூரத்தில் நின்றதைப் பார்த்தேன்;
மழைகூட இல்லை.

நேற்று மின்தூக்கியில் புதுத் தாள்:
பக்கத்து நிலத்தில் தூண் இறக்கும் வேலை.
காலை எட்டு முதல்.
சிரமத்துக்கு வருந்துகிறோம்.

சாயங்காலம் போய்ப் பார்த்தேன்.
கூம்பு நிற்கிறது.
முட்டை இல்லை, ஓடும் இல்லை.
பறந்ததா, பூனையா,
தத்தித் தத்திச் சாலையைக் கடந்ததா,
கேட்க யார் இருக்கிறார்கள்?

இரவு மூன்று மணி.
எல்லா ஜன்னலும் திறந்திருக்கிறது.
மூன்றே கால்.
குழுவில் பத்தாம் மாடி புளோரன்ஸ்
எழுதுகிறார்,
நிறுத்துகிறார்,
எழுதுகிறார்.